எல்.சி. கொடுத்தாச்சா?

2008 நவம்பர், இரண்டாவது வாரம். டெல்லி ஆர்.கே.புரம் ஏழாவது செக்டரில், மலை மந்திரில் காலைத் தரிசனம் முடித்துப் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன். எதிரே மதினி, மகளின் கையைப் பிடித்தபடி ஏறி வந்தார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. நின்றும் நில்லாமலும் கேட்டேன்.

“மதினி, எல்.சி. கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு தம்பி.”

ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு இறங்கிப் போய்விட்டேன். நான் கேட்டது அக்கறையோடுதான். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் டிசம்பர் மாதம் அவருடைய குடும்பப் பென்ஷன் நின்றுபோனது.

எல்.சி. என்று நான் சொன்னது லைஃப் சர்டிஃபிகேட்டை. மத்திய அரசின் பென்ஷன் வாங்குகிறவர்கள் அப்போது ஒவ்வொரு நவம்பரிலும் வங்கிக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருந்தது. தராவிட்டால் டிசம்பரிலிருந்து பணம் வராது. மதினியின் காதில் விழுந்தது எல்.ஐ.சி. அண்ணாச்சி அந்த வருடத் தொடக்கத்தில்தான் இறந்திருந்தார். பாலிசிப் பணத்துக்காக இறப்புச் சான்றிதழ், பாண்டு பத்திரம் என்று எல்லாவற்றையும் எல்.ஐ.சி. ஆபீசில் கொடுத்து, பணமும் கைக்கு வந்திருந்தது. அதைத்தான் கொடுத்தாச்சு என்றார்.

இந்தத் தவற்றின் கனம் என்னவென்று சொல்ல வேண்டுமானால், அண்ணாச்சி எனக்கு யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

1978இல், ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் நடத்திய எழுத்தர் தேர்வில் தேறி, தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி வந்தேன். இந்தி தெரியாது. இங்கிலீஷ் படிக்க வரும், பேச வராது. வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, செக்ஷன் ஆபீசர் ஒரு ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பி.யு.சி. கஹாங் ஹை?” என்று கேட்டார். அந்த அளவு இந்தி எனக்குப் புரிந்தது. பி.யு.சி. எங்கே என்கிறார். எங்கள் ஊரில் அப்போது பி.யு.சி. என்றால் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு கல்லூரியில் ஒரு வருடம் படிக்கும் புகுமுக வகுப்பு. பிளஸ் டூ அந்த வருடம்தான் தமிழ்நாட்டில் வந்துகொண்டிருந்தது. என் சான்றிதழைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது சார், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். செக்ஷனே சிரித்தது. ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்பதுகூட எனக்குப் புரியவில்லை. காது மடல் எரிந்தது. ஊருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். பைக்குள்ளிருந்து, டைப் அடித்து வீணான ஒரு தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். பி.யு.சி. என்றால் பேப்பர் அண்டர் கன்சிடரேஷன், இப்போது முடிவெடுக்க வேண்டிய கடிதம், ஃபைலின் வலது பக்கத்தில் சீட்டுக் குத்தி வைக்க வேண்டும். எஃப்.ஆர். என்றால் ஃப்ரெஷ் ரிசீட், புதிதாக வந்த தபால். அதே எஃப்.ஆர். சம்பளம், லீவு ஃபைலில் வந்தால் ஃபண்டமென்டல் ரூல்ஸ், வெள்ளைக்காரன் 1922இல் போட்ட விதிகள். டி.எஃப்.ஏ., ஒப்புதலுக்கு வைக்கும் வரைவு. டி.ஓ., பெயர் போட்டு அதிகாரி அதிகாரிக்கு எழுதும் கடிதம். டி.ஏ. என்றால் சம்பளப் பட்டியலில் பஞ்சப்படி, வெளியூர்ப் பயணப் பில்லில் தினப்படி. இடத்தைப் பார்த்துத்தான் பொருள் எடுக்க வேண்டும் என்று அதற்குக் கீழே இரட்டைக் கோடு போட்டார். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் விளக்கம். எழுதி முடித்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“இதுல தெரியாதது ஒண்ணும் கிடையாதுடே. சுருக்கிப்புட்டானுவ, அவ்வளவுதான். பிரிச்சுப் பாத்தா எல்லாம் நம்ம வீட்டுக் கணக்கு மாதிரிதான்.”

அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது, சுவாமீஸ் ஹேண்ட்புக்கின் பழைய பதிப்பு ஒன்றின் நடுவே. மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது.

அந்த மனிதரின் மனைவிதான் மதினி.

ஆர்.கே.புரத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த இடமே முதலெழுத்துகளால் ஆனது. ராமகிருஷ்ண பரமஹம்சரின் பெயரால் அமைந்த ராமகிருஷ்ணபுரம். சொல்லிச் சொல்லி ஆர்.கே. ஆகி, இப்போது மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அப்படியேதான் இருக்கிறது. அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு என்பதால் வீட்டுக்குள்ளும் ஆபீஸ் பாஷைதான். ஜி.பி.எஃப். கடன் போட்டுத் தங்கைக்குக் கல்யாணம். எல்.டி.சி. எடுத்து ஊருக்குப் பயணம். குழாய் ஒழுகினால் சி.பி.டபிள்யூ.டி.யில் புகார். காய்ச்சல் வந்தால் சி.ஜி.எச்.எஸ். பிள்ளைகள் படித்தது டி.டி.இ.ஏ. நடத்தும் ஏழு தமிழ்ப் பள்ளிகளில் ஒன்றில். டெல்லித் தமிழ்ச் சங்கம் ஒன்றைத்தான் நாங்கள் சுருக்காமல் முழுசாகச் சொன்னோம்.

அண்ணாச்சி மட்டும் ஊருக்கு எழுதும் கடிதத்தில் முகவரியை முழுக்க எழுதுவார். ராமகிருஷ்ணபுரம், புது டெல்லி - 110022. “தபால்காரனுக்கு ஆர்.கே. போதும். எங்கம்மைக்கு வேணும்லா, மவன் எங்க இருக்கான்னு வாசிச்சுப் பாக்க” என்பார்.

நான் அவரிடம் படித்தவன். ஆனாலும் முப்பது வருடத்தில் அந்த எழுத்துகள் என் நாக்கில் தோல்போல ஒட்டிக்கொண்டன. முதல் பத்து வருடம், ஒரு சுருக்கம் சரியாக விழும்போதெல்லாம் உள்ளே ஒரு பெருமை இருந்தது, இனி யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்று. புதிதாக வந்த பையன்கள் முன்னால் அவற்றை அள்ளி வீசினேன். அவர்கள் திகைப்பதைப் பார்த்தேன். ஒருவனுக்காவது நான் தாள் எடுத்து எழுதிக் கொடுத்ததாக நினைவில்லை. பெருமையும் நாளடைவில் போய், அது வெறும் பழக்கமாகிவிட்டது. என் மனைவியிடம் பேசுவதும், ஆடிட் ஆட்களிடம் பேசுவதும் ஒரே பாஷையாகிவிட்டது.

மதினியின் பென்ஷன் நின்றது எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது. பங்குனி உத்திரத்தன்று மலை மந்திரில் காவடிக் கூட்டம். நெரிசலில் பிரசாதத் தொன்னையை நீட்டினார் மதினி. கை மொட்டையாக இருந்தது. இடது கையில் எப்போதும் ஒற்றை வளையல் கிடக்கும், அவர் அம்மா போட்டுவிட்டது. அண்ணாச்சி காரியத்தன்றுகூடக் கழற்றாத வளையல். வளையல் எங்கே மதினி என்றேன். பேச்சை மாற்றினார். மகள்தான் சொன்னாள், டிசம்பரிலிருந்து பணம் வரவில்லை மாமா என்று.

அண்ணாச்சி போனபிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் முனீர்காவில் ஒற்றை அறை எடுத்திருந்தார்கள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். எல்.ஐ.சி. பணத்தை மகளின் கல்யாணத்துக்கென்று டெபாசிட்டில் போட்டு, தொடக் கூடாது என்று வைத்திருந்தார். வாடகைக்கும் செமஸ்டர் ஃபீஸுக்குமாக வளையல் போயிருந்தது.

“ஏன் மதினி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“என்னன்னு தம்பி சொல்ல? அவுக போனப்புறமும் இத்தன மாசம் குடுத்தாகளே, அதுவே பெரிசுன்னு நெனைச்சேன். காலம் பூராவுமா குடுப்பாக?”

“நவம்பர்ல நான் கேட்டேனே, எல்.சி. கொடுத்தாச்சான்னு?”

“நீங்க எல்.ஐ.சி.ன்னுல்லா சொன்னிய? அதான் எல்லாம் குடுத்தாச்சே.”

என்னைக் குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லையோ என்ற சங்கடம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்த செக்ஷனுக்கு நடுவில் 1978இல் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டேன். இங்கே சிரிக்கக்கூட ஆள் இல்லை. சிரித்திருந்தால், ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றாவது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவரோடு வங்கிக்குப் போனேன். படிவத்தில் கையெழுத்து வாங்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நின்ற மாதங்களின் பாக்கியும் சேர்ந்து பணம் வந்தது. வளையல் அடகில் இல்லை, விற்றுவிட்டிருந்தார்.

அந்த ராத்திரி எனக்கு எங்கள் ஊர்க் கர்ணம் நினைவு வந்தது. எங்கள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கர்ணத்தின் திண்ணைக்குக் கீழே நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கர்ணம் புத்தகத்தைப் பிரித்துக் கடகடவென்று வாசிப்பார். பழைய கணக்குகளில் நாளுக்கு ஒரு குறி, மாதத்துக்கு ஒரு குறி, வருடத்துக்கு ஒரு குறி. பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனிக் குறி. மேற்படி என்பதற்கு ௸ என்று ஒரு சுழி. அளவையில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. அழகான முறைதான். ஓலையிலும் காகிதத்திலும் இடம் மிச்சம், எழுதுகிறவன் கைக்கும் மிச்சம். சோம்பேறி கண்டுபிடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்பாவுக்கு அது ஒன்றும் தெரியாது. தன் நிலம் அந்தச் சுழிகளுக்குள் எங்கே கிடக்கிறது என்று தெரியாமலேயே தலையை ஆட்டுவார். 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தபோது அப்பா கடிதம் போட்டிருந்தார், இனி நம்ம நெலத்த நாமளே வாசிக்கலாம் என்று.

அப்பா தலையாட்டிய அதே மாதிரிதான் மதினியும் என்னிடம் சரி சரி என்றிருக்கிறார். அண்ணாச்சி இறந்த மூன்றாம் மாதம், குடும்பப் பென்ஷன் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய், பி.பி.ஓ. வந்துடும் மதினி, டி.ஆர். சேத்துக் குடுப்பாங்க, சி.ஜி.எச்.எஸ். கார்டை மட்டும் மாத்திக்கணும் என்று நான் வரிசையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அதில் சி.ஜி.எச்.எஸ். ஒன்றுதான் அவருக்குப் புரிந்திருக்கும். அந்த எழுத்துகளின் விரிவு அவருக்குத் தெரியாது, 1954இல் டெல்லியில் தொடங்கிய திட்டம் என்பதும் தெரியாது. ஆனால் மகளுக்கு அம்மை கண்டபோது வரிசையில் நின்ற இடம், வெள்ளை மாத்திரை தரும் ஜன்னல், அதுதான் சி.ஜி.எச்.எஸ். டி.டி.சி. என்றால் பஸ். எல்.ஐ.சி. என்றால் அவர் வீட்டுக்காரர் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பணம். அவர் புழங்கிய சுருக்கங்கள் அவருக்குச் சொற்களாகவே ஆகிவிட்டன. எல்.சி.யை அவர் பார்த்ததே கிடையாது. பார்க்காததன் பெயர் காதில் விழும்போது, பார்த்ததன் பெயராகத்தான் கேட்கும்.

சுருக்கிப் பேசுவது சோம்பேறித்தனமா என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். தஞ்சாவூரைத் தஞ்சை என்றும், திருநெல்வேலியை நெல்லை என்றும், கோயம்புத்தூரைக் கோவை என்றும் நம்முடைய பெரியவர்கள் சுருக்கினார்கள். மரூஉ என்று இலக்கணம் அதை ஏற்றுக்கொண்டது. அதில் பெயரின் உடம்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, நெல்லை என்றால் திருநெல்வேலி காதிலேயே கேட்கும். முதலெழுத்துகளை மட்டும் எடுத்தால் உடம்பு போய்விடுகிறது. தி.நகருக்குப் புடவை எடுக்கப் போகிற எத்தனை பேருக்கு அந்தத் தி தியாகராயச் செட்டியார் என்று தெரியும்? அதனால் அவர்களுக்கு நஷ்டமில்லை, புடவை கிடைத்துவிடும். தியாகராயருக்குத்தான் நஷ்டம். ஃபைலில் எழுதுகிறவனுக்கோ சுருக்கம் இல்லாமல் முடியாது. ஒரு நோட்டில் இருபது தடவை வரும் பெயரை இருபது தடவையும் முழுக்க எழுதினால், கார்பன் வைத்து டைப் அடித்த அந்தக் காலத்தில் ஒரு நாளில் ஒரு ஃபைல்கூட நகர்ந்திருக்காது. அந்தச் சுருக்கத்தை நான் இன்றும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

தந்தியை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. 2013 ஜூலையில் அதை மூடும்வரைக்கும், காசை மிச்சம் பிடிக்க வாக்கியத்தையே குறைத்தார்கள். ஆனால் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் சீரியஸ் என்ற சொல்லை முழுசாகத்தான் கொடுத்தார்கள். வாங்கிப் படிக்கிறவன் நடுராத்திரியில் தெருவிளக்கின் கீழே நிற்பான் என்பது அனுப்புகிறவனுக்குத் தெரியும்.

படிக்கட்டில் நின்ற எனக்கு அது தெரியவில்லை. வாய்க்கு மிச்சம் பிடிப்பதற்காக அன்று நான் எல்.சி. என்று சொல்லவில்லை. பழக்கத்தில் வந்தது. அதைவிட மோசமான ஒன்றும் அதில் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதினியிடம் நின்று பேசினால் அண்ணாச்சி பேச்சு வரும், அழுவார், மகள் படிப்பு, வாடகை, ஊருக்கே போய்விடலாமா என்ற யோசனை, எல்லாம் வரும். எனக்கு நேரமில்லை. கேட்டாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு கேள்வி வேண்டியிருந்தது. லைஃப் சர்டிஃபிகேட் என்று முழுசாகச் சொல்லியிருந்தால், அப்படின்னா என்ன தம்பி என்று கேட்டிருப்பார். நான் நின்றிருக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் இப்படிச் சுருக்கங்களில் தடுமாறுவதும் என் கண்ணில் பட ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், எழுபது வயது, டாக்டர் எழுதிய சீட்டோடு பதறிக்கொண்டு வந்தார். ஒரு மாத்திரைக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். என்று இருந்தது. கப்பல் மூழ்கும்போது அடிக்கிற எஸ்.ஓ.எஸ். என்றுதான் அவருக்குத் தெரியும். தன் உயிருக்கு ஏதோ ஆபத்து என்று டாக்டர் குறித்திருக்கிறார் என நினைத்து, இரண்டு நாளாகத் தூங்கவில்லை. மருந்துச் சீட்டில் அது ஒரு லத்தீன் தொடரின் முதலெழுத்துகள், தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள் என்று பொருள். தலைவலி மாத்திரை அது. அமெரிக்காவில், மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், யூனிட் என்பதற்கு யு என்ற ஒற்றை எழுத்தைப் போடக் கூடாது என்று 2004இலேயே தடுத்துவிட்டதாகப் பின்னால் படித்தேன். அவசரத்தில் எழுதிய யு சுழியம் மாதிரி தெரிந்தால், இன்சுலின் பத்து மடங்கு ஏறிவிடும். மிச்சம் பிடித்தது மூன்று நாலு எழுத்து.

வங்கிக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே மதினிக்கு ஒரு தாள் எழுதினேன். அண்ணாச்சியின் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் எழுதிய மாதிரியே இடது பக்கம் எழுத்துகள், வலது பக்கம் தமிழ். பி.பி.ஓ. என்றால் உங்களுக்குப் பென்ஷன் தரச் சொல்லி அரசாங்கம் வங்கிக்குப் போட்ட உத்தரவு, இந்த நம்பரைத் தொலைக்கக் கூடாது. டி.ஆர். என்றால் விலைவாசி ஏறுவதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டித் தருவது. எல்.சி.க்கு எதிரே மட்டும் ஐந்து வரி எழுதினேன். முனீர்கா அறையில், கட்டிலில் உட்கார்ந்து மதினி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். எட்டாவது வரை தமிழில் படித்தவர், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் முடிகிற வரைக்கும் இருந்தேன். எல்.சி. வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் உசுரோட இருக்கேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா தம்பி?”

“ஆமா மதினி. காலம் பூராவும் குடுப்பாங்க. வருசத்துக்கு ஒரு தடவ இத மட்டும் குடுக்கணும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அண்ணாச்சியைப் பற்றிப் பேசினார், ரொம்ப நேரம். கடைசி பஸ் போனபிறகு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அவர் தென்காசியில் மகள் வீட்டில் இருக்கிறார். 2014இல் ஜீவன் பிரமாண் வந்தபிறகு விரல் ரேகை வைத்தால் போதும், வங்கிக்கு நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நவம்பரிலும் மறக்காமல் எனக்கு ஒரு ஃபோன் வரும். எல்.சி., ஜீவன் பிரமாண், லைஃப் சர்டிஃபிகேட் எதையும் அவர் சொல்ல மாட்டார். அதற்கு அவராக ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

“தம்பி, இருக்கேன் சீட்டு குடுத்துட்டேன்.”

“சந்தோசம் மதினி.”

“நீங்க குடுத்துட்டியளா?”

நானும் ரிட்டயர் ஆகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன நவம்பரில் அவர் கேட்டபோது நான் இன்னும் கொடுத்திருக்கவில்லை.